மஞ்சள் பூவை நம்ப வேண்டாம்: ஆவாரையையும் அதன் பங்காளிகளையும் பிரித்தறியும் முறை

நல்ல மழை பெய்து ஒரு மாதம் ஆன தரிசு நிலத்தில் இறங்கினால், மஞ்சள் பூ பூத்த புதர்கள் மூன்று நான்கு வகை கலந்தே நிற்கும். எல்லாவற்றுக்கும் ஐந்து இதழ், நடுவில் வளைந்த மகரந்தத்தாள்கள், காம்பின் இருபுறமும் இணை இணையாகச் சிற்றிலைகள். தூரத்தில் பார்த்தால் அத்தனையும் ஆவாரைதான். கிட்டே போனால் மேட்டில் நிற்பது ஆவாரை, வரப்போரம் பொன்னாவாரை, முழங்கால் உயரத்தில் தகரை, ஓடைக்கரையில் சீமையகத்தி என்று பிரியும். ஒன்றின் பூவைக் காயவைத்துக் குடிநீர் போடுகிறார்கள். இன்னொன்றின் விதையைக் குழந்தைகள் பயறு என்று தின்றுவிட்டால் கல்லீரலும் தசையும் மூளையும் ஒருசேரப் பாதிக்கப்படும், உயிரே போகலாம். அதனால் 'ஏதோ ஆவாரை ஜாதி' என்று விட்டுவிட முடியாது.

பெரும்பாலானோர் பூவை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் சொல்வதால்தான் தவறு வருகிறது. இந்தக் கூட்டத்தில் பூ நிறம் எதையும் சொல்லாது. இலைக்காம்பின் மேலிருக்கும் சிறு சுரப்பிதான் முதல் சாட்சி. அடுத்தது இலையடிச் செதில் (இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் நிற்கும் சிறு செதில்), பிறகு சிற்றிலையின் எண்ணிக்கையும் நுனியும், பிறகு காய். பூவைக் கடைசியில் பார்த்தால் போதும்.

பெயர் விஷயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 'பொன்னாவாரை' என்ற பெயரை இரண்டு செடிகளுக்குச் சொல்கிறார்கள். 'மஞ்சள் கொன்றை' என்பதற்கும் இரண்டு மரங்கள் இருக்கின்றன. எனவே ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரையும் எழுதிவையுங்கள். பழைய நூல்களில் இவை எல்லாம் காசியா என்ற பேரினத்தின் கீழ் இருக்கும். 1982இல் இர்வின், பார்ன்பி இருவரும் அதைப் பிரித்தபோது இவை சென்னா என்ற பேரினத்துக்குப் போயின. காசியா ஆரிக்குலேட்டாவும் சென்னா ஆரிக்குலேட்டாவும் ஒரே ஆவாரைதான்.

கையில் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, 15 செ.மீ. ஸ்கேல், ஒரு வெள்ளைத் தாள், பென்சில். கேமரா இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். காலை நேரமே தோது. சாயங்காலம் ஆனால் தகரையும் அதன் உறவுகளும் சிற்றிலைகளை மடித்துக்கொண்டு தூங்கிவிடும், அப்போது நுனி வட்டமா கூரா என்று பார்ப்பது சிரமம்.

எந்த இலையை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். கிளை நுனியில் இருக்கும் தளிர் இலை முழுதாக வளர்ந்திருக்காது. அடியில் இருக்கும் பழைய இலையில் சிற்றிலைகள் உதிர்ந்திருக்கும், சுரப்பி சுருங்கியிருக்கும். நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது, நான்காவது இலையை எடுங்கள். ஒரு செடியில் மூன்று இலை, பக்கத்துச் செடியில் மூன்று இலை எண்ணினால் சராசரி பிடிபடும். வெட்டிய தூரிலிருந்து துளிர்த்த கிளையும், மர நிழலில் வளர்ந்த செடியும் வழக்கத்தைவிடப் பெரிய, மெல்லிய இலை விடும். அளவு பார்க்க அவற்றை எடுக்காதீர்கள். நாற்றுப் பருவத்து இலையில் இணைகள் குறைவாகவே இருக்கும், அதுவும் கணக்கில் சேராது.

முதல் சல்லடை: இது சென்னாதானா?

கூட்டிலையின் நுனியைப் பாருங்கள். சென்னாவில் கடைசியிலும் ஒரு இணைதான் இருக்கும், தனிச் சிற்றிலை நிற்காது. இலை கூட்டிலையாக இல்லாமல் ஒற்றையாக, இதய வடிவில் இருந்தால் அது துத்தி போன்ற வேறு குடும்பம். பூ பட்டாணிப் பூவைப் போலப் பெரிய மேலிதழும் படகு போன்ற கீழிதழ்களுமாக இருந்தால் கிலுகிலுப்பை போன்ற வேறு கூட்டம். சென்னாவின் பூ விரிந்து, ஐந்து இதழும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். மகரந்தத்தாள்கள் பத்து, ஆனால் சமமில்லை: சில நீளமாக வளைந்து நிற்கும், சில குட்டையாகவும், சில மகரந்தமே இல்லாமல் சிறுத்தும் இருக்கும். மகரந்தப்பை நீளவாக்கில் பிளக்காமல் நுனியில் துளை வழியாகத் திறக்கும், லென்ஸில் இது நன்றாகத் தெரியும். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து 'ஙொய்' என்று அதிர்ந்து அந்தத் துளையிலிருந்து மகரந்தத்தை உதிர்ப்பதையும் பார்க்கலாம்.

சுரப்பியைப் பார்ப்பது

இலையைக் காம்போடு கிள்ளி, மேற்புறம் உங்களை நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். வெயில் நேராக விழக்கூடாது. பக்கவாட்டில் விழுந்தால் சுரப்பியின் நிழல் விழுந்து அது எழும்பி நிற்பது தெரியும். காம்பின் அடிவீக்கத்திலிருந்து நுனி வரை லென்ஸை மெதுவாக நகர்த்துங்கள். சுரப்பி என்பது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவில் குமிழாகவோ முளைபோலவோ நிற்கும். தேன் கசிவதால் அதில் எறும்பு மொய்த்திருக்கும், சிற்றெறும்பு எங்கே நிற்கிறதோ அங்கே தேடினால் வேலை பாதி முடிந்தது.

இடத்தைப் பொறுத்து நான்கு வகையாகப் பிரியும்:

ஒவ்வொரு இணைக்கும் நடுவில் ஒரு சுரப்பி, மெல்லிய முளைபோல நிமிர்ந்து, வரிசையாக: ஆவாரை.

காம்பின் அடியில், முதல் இணைக்கு வெகு கீழே, ஒரே ஒரு சுரப்பி: பொன்னாவாரை, அல்லது அதன் நெருங்கிய இரட்டை.

கீழ் இணைக்கு நடுவில் மட்டும் ஒன்று, அல்லது கீழ் இரண்டு இணைகளுக்கு நடுவில் ஒவ்வொன்று: தகரை வகை.

சுரப்பியே இல்லை: சீமையகத்தி, நிலாவாரை, கொன்றை வகை மரங்களின் கன்றுகள்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். பூச்சி முட்டையிட்ட வீக்கத்தைச் சுரப்பி என்று எடுத்துக்கொள்வது ஒன்று. வீக்கம் ஒரு இலையில் இருக்கும், அடுத்த இலையில் இருக்காது, சுரப்பியோ எல்லா இலையிலும் அதே இடத்தில் இருக்கும். மற்றது, வாடிய இலையில் சுரப்பி கறுத்துச் சுருங்கிவிட, 'இல்லை' என்று எழுதிவிடுவது. 'இல்லை' என்ற முடிவுக்கு வருமுன் குறைந்தது ஆறு பச்சை இலைகளையாவது பார்த்திருக்க வேண்டும்.

ஆவாரை: காதைப் பார்த்தால் போதும்

சென்னா ஆரிக்குலேட்டா. ஆரிக்குலா என்றால் லத்தீனில் சிறு காது. பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில், இருபுறமும் அகன்று உருண்ட, பச்சை இலைபோன்ற செதில் காது மடல் மாதிரி நிற்கும். காம்பை ஒட்டிய பக்கத்தில் அதன் அடி மயிரிழை போன்ற முனையாக நீண்டிருக்கும். மற்ற வகைகளில் பெரும்பாலும் இந்தச் செதில் சிறிதாக இருந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும். ஆவாரையில் உதிராது. பூ இல்லாத, காய் இல்லாத காலத்திலும் இந்தக் காது ஒன்றை வைத்தே அடித்துச் சொல்லிவிடலாம்.

சிற்றிலை 8 முதல் 12 இணை. ஒவ்வொன்றும் 2 முதல் 2.5 செ.மீ. நீளம், நீள்வட்டம், நுனி மழுங்கி அதன் நடுவில் முள்போல ஒரு சிறு நீட்சி. விரல் நுனியால் தடவினால் அந்த நீட்சி நெருடும். பட்டை செம்பழுப்பு. தோல் பதனிடப் பயன்பட்டதும் இந்தப் பட்டைதான்.

பூ இந்தக் கூட்டத்தில் பெரியது, விரிந்தால் 4 முதல் 5 செ.மீ. அகலம். இதழின் ஓரம் இஸ்திரி போடாத துணிபோலச் சுருங்கி இருக்கும், மஞ்சளின் மேல் ஆரஞ்சு நரம்பு ஓடும். காய் தட்டையாக, காகிதம்போல மெல்லிதாக, 7 முதல் 11 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலம். விதை இருக்கும் இடம் மேடாகவும் இடைவெளி பள்ளமாகவும் அலை அலையாகத் தெரியும். காய்ந்து பழுப்பான பின் குலுக்கினால் சலசலக்கும்.

பொன்னாவாரையும் அதன் இரட்டையும்

சென்னா ஆக்சிடென்டாலிஸ், பேயாவாரை என்றும் சொல்வார்கள். விதை விஷம் என்று முதலில் சொன்ன செடி இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சிற்றிலை 3 முதல் 5 இணை, சில இலையில் 6. ஆவாரையின் சிற்றிலையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது, 4 முதல் 10 செ.மீ. அடி அகன்று நுனி கூர்ந்து ஈட்டிபோல முடியும். கடைசி இணைதான் எல்லாவற்றிலும் பெரிது. கசக்கினால் குமட்டும் நாற்றம், கையைக் கழுவினாலும் கொஞ்ச நேரம் நிற்கும். காம்பின் அடிவீக்கத்தை ஒட்டி, கருத்த, அரைக்கோளம்போன்ற, காம்பில்லாத சுரப்பி ஒன்று. செதில் உதிர்ந்துபோய்க் கணுவில் தழும்பு மட்டும் இருக்கும்.

காய் ஆவாரைக் காயைவிடக் குறுகல், 8 முதல் 10 மி.மீ. அகலம்தான். நீளம் 8 முதல் 13 செ.மீ. நேராகவோ லேசாக மேல்நோக்கி வளைந்தோ செங்குத்தாக நிற்கும். முற்றும்போது நடுப்பகுதி பழுப்பாகவும் இரு ஓரமும் வெளிறிய பட்டையாகவும் தெரியும். இந்த இருநிறக் காயைப் பார்த்துவிட்டால் வேறு யோசனையே வேண்டாம். இதன் விதையை வறுத்துக் காபிக்குப் பதிலாகக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் சில நாடுகளில் இருந்தது. அதைப் படித்துவிட்டு யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். கால்நடைத் தீவனத்தில் விதை கலந்தாலும் மாட்டின் தசை பாதிக்கப்படும்.

இரட்டை என்று சொன்னது சென்னா சொஃபேராவை. இதையும் பொன்னாவாரை என்றே அழைக்கிறார்கள், இதற்கும் சுரப்பி காம்பின் அடியில்தான். இரண்டையும் பிரிக்க முதலில் இணைகளை எண்ணுங்கள். சொஃபேராவில் 6 முதல் 10 இணை, சிற்றிலை குறுகலான ஈட்டி வடிவம், அளவும் சிறிது. சுரப்பி அரைக்கோளமாக இல்லாமல் கூம்பாகவோ கதாயுதம்போலவோ எழும்பி நிற்கும். காயைக் குறுக்கே வெட்டினால் தீர்ப்பு கிடைத்துவிடும்: சொஃபேராவின் காய் உப்பி ஏறக்குறைய உருளையாக இருக்கும், ஆக்சிடென்டாலிஸின் காய் தட்டையாக. 6 இணை உள்ள இலை இரண்டிலும் வரக்கூடும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் நம்பி முடிவுகட்டாமல் காயையும் பார்ப்பதே சரி.

செடி முழுக்க, காய் உட்பட, நீண்ட வெண்மயிர் அடர்ந்திருந்தால் அது மூன்றாவது ஆள், சென்னா ஹிர்சூட்டா. சுரப்பியும் இணை எண்ணிக்கையும் ஆக்சிடென்டாலிஸை ஒத்திருக்கும், மயிர் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

தகரை: மூன்று இணை, வட்ட நுனி

தகரையை அடையாளம் காண்பது எளிது, அதற்குள் இருக்கும் இரண்டு இனத்தைப் பிரிப்பதுதான் கடினம். சிற்றிலை மூன்றே இணை. அடி குறுகி மேலே அகன்று நுனி வட்டமாக முடியும். கீழ் இணை சிறிது, நடு இணை அதைவிடப் பெரிது, மேல் இணை எல்லாவற்றிலும் பெரிது. பூ சிறிது, இலைக்கக்கத்தில் பெரும்பாலும் இரண்டிரண்டாக. காய் ஊசிபோல மெலிந்து 10 செ.மீ.க்கு மேல் நீண்டு அரிவாள்போல வளையும். ஊசித்தகரை என்ற பெயர் அதனால் வந்தது.

இப்போது சென்னா டோராவா, சென்னா ஆப்டியூசிஃபோலியாவா? பல பட்டியல்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டன. பார்க்க வேண்டியது மூன்று. டோராவில் கீழ் இரண்டு இணைகளுக்கும் நடுவில் சுரப்பி உண்டு, ஆப்டியூசிஃபோலியாவில் கீழ் இணையில் மட்டும். டோராவின் காய்க்காம்பு குட்டை, ஒன்றரை செ.மீ.க்குள் அடங்கும், மற்றதில் 2 செ.மீ.க்கு மேல் போகும். முற்றிய விதையின் பக்கத்தில் ஒரு வெளிறிய பட்டை தெரியும். அது டோராவில் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. அகலம், ஆப்டியூசிஃபோலியாவில் கோடுபோல அரை மி.மீ.க்கும் குறைவு. விதைதான் கடைசித் தீர்ப்பு. பூ மட்டும் இருக்கும் பருவத்தில் 'தகரை வகை' என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

சாலையோரங்களில் இப்போது அடர்ந்து வரும் சென்னா யூனிஃப்ளோராவையும் பலர் தகரை என்றே நினைக்கிறார்கள். அதன் காய் 3 முதல் 5 செ.மீ.தான், விதைக்கு விதை கட்டம் கட்டமாக அழுந்தியிருக்கும். தகரையின் நீண்ட ஊசிக்காயைப் பார்த்த கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

சுரப்பி இல்லாதவை

சீமையகத்தி, அதாவது வண்டுகொல்லி, சென்னா அலாட்டா. அதிகம் விளக்க வேண்டியதில்லை: 8 முதல் 14 இணை, ஒவ்வொரு சிற்றிலையும் விரல் நீளத்துக்கு மேல், பூங்கொத்து மெழுகுவத்திபோல நிமிர்ந்து, மொட்டுகளை ஆரஞ்சு மஞ்சள் செதில் மூடியிருக்கும். காயின் நீளவாக்கில் நான்கு இறக்கை. ஒரே எச்சரிக்கை, இதிலும் இலையடிச் செதில் உதிராமல் நிற்கும், ஆனால் விறைத்த முக்கோணமாக. ஆவாரையின் உருண்ட காதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிலாவாரை, சென்னா அலெக்சாண்ட்ரினா, திருநெல்வேலிப் பக்கம் பயிராகி 'திருநெல்வேலி சென்னா' என்று உலகச் சந்தைக்குப் போவது. வயலை விட்டு வெளியேறி வரப்பிலும் முளைக்கும். சாம்பல் பூத்த பச்சைச் சிற்றிலை 5 முதல் 8 இணை, குறுகல், நுனி கூர். காய் தட்டை என்பதால் ஆவாரை என்று எண்ணத் தோன்றும். ஆனால் நீளம் 4 முதல் 6 செ.மீ., அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. என்று கட்டை குட்டையாக இருக்கும்.

காட்டோரத்தில் இடுப்பளவு நிற்கும் புதரில் சுரப்பி இல்லை, சிற்றிலை 10 முதல் 15 இணை, நுனி கூர், அடிப்புறம் மெல்லிய மயிர் என்றால் அது புதரே இல்லை, சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரத்தின் கன்று. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஆக்கிரமித்திருக்கும் அந்நிய மரம் இதுதான். சாலையோர நிழல் மரமான சென்னா சியாமியாவுக்கும் இதற்கும் மஞ்சள் கொன்றை என்ற ஒரே பெயர். சியாமியாவின் சிற்றிலை நுனி மழுங்கியது, காய் தட்டை. ஸ்பெக்டாபிலிஸின் காய் உருளை.

ஒரு கிளையை வைத்துப் பார்ப்போம்

வரப்போரத்தில் ஒரு கிளை, பூ மஞ்சள், 3 செ.மீ.க்குள். கணுவில் காது இல்லை, தழும்புதான். ஆவாரை விலகியது. மூன்றாவது இலையில் 5 இணை, நான்காவதில் 5, பக்கத்துச் செடியில் 4. நுனி கூர், அதனால் தகரையும் இல்லை. காம்பின் அடியில் கருத்த குமிழ், அதன் மேல் ஒரு எறும்பு. தண்டில் நீண்ட மயிர் கிடையாது, ஹிர்சூட்டாவும் போயிற்று. மிஞ்சியது ஆக்சிடென்டாலிஸும் சொஃபேராவும். எண்ணிக்கை முன்னதைச் சொல்கிறது. பிஞ்சுக்காய் ஒன்றைப் பிளேடால் குறுக்கே வெட்டினால் தட்டையான கீற்று. சென்னா ஆக்சிடென்டாலிஸ். மொத்தம் மூன்று நிமிட வேலை, பூவை இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

படமும் மாதிரியும்

அடையாளம் கேட்டு அனுப்பப்படும் படங்களில் பத்துக்கு எட்டில் பூ மட்டும்தான் இருக்கும். அதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது, செயலியும் ஊகம்தான் சொல்லும். எடுக்க வேண்டிய படங்கள்: முழுச் செடி, தாளில் விரித்து வைத்த ஒரு முழு இலை, காம்பின் அடியும் சுரப்பியும் தெரியும் கிட்டப்படம், கணுவும் செதிலும், பூ முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும், ஸ்கேலோடு காய். நாற்றம் படத்தில் வராது, எழுதித்தான் வைக்க வேண்டும். எந்தப் பகுதியையும் வாயில் போட்டுச் சுவை பார்க்க வேண்டாம்.

மாதிரியை அழுத்திக் காயவைப்பதென்றால் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், சிற்றிலைகள் கழன்று விழும். ஒரு இலையை அடிப்புறம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். உதிரும் விதைக்கு ஒரு சிறு காகித உறை. சிற்றிலை எண்ணிக்கையையும் சுரப்பியின் இடத்தையும் பச்சையாக இருக்கும்போதே குறித்துவிடுங்கள், காய்ந்தபின் இரண்டும் சந்தேகத்துக்கு இடமாகும்.

காய் இல்லாமல் முடிவு எட்டாத செடிக்குக் கிளையில் ஒரு துணிக்கந்தலைக் கட்டி, இடத்தைக் குறித்துக்கொண்டு, காய் முற்றும்போது அதே செடிக்குத் திரும்பிப் போங்கள்.